எலிவேட்டரை நம்பி மூக்குடைந்தேன்: ஆர்.சி. (ரேடியோவால் இயக்கும்) விமானச் சொற்களைக் கொஞ்சம் விளக்குங்களேன்

நீலக்காகிதம்:

வணக்கம். இந்தப் பொழுதுபோக்குக்கு நான் புதியவள். பன்னிரண்டு வயது மகனுக்கு என்று சொல்லி வாங்கிய நுரைப் பயிற்சி விமானம், இப்போது அவன் கையைவிட என் கையில்தான் அதிகம் இருக்கிறது. நான்கு சேனல் (தனித்தனியே இயக்க நான்கு கட்டுப்பாடுகள்), இறக்கை நுனிக்கு நுனி 1.2 மீட்டர், எடை 900 கிராம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது முறையாகப் பறக்கவிட்டேன். காற்று கொஞ்சம் பலமாக இருந்தது. காற்றை எதிர்த்துப் போய்க்கொண்டிருந்த விமானத்தைத் திருப்பி, காற்றோடு வரவிட்டேன். ஏதோ அவசரத்தில் பாய்ந்து வருவதுபோல் தோன்றியதால், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைக் குறைத்தேன். உயரம் குறையத் தொடங்கியது. எலிவேட்டர் என்றால் தூக்குவதுதானே என்று குச்சியை என் பக்கம் இழுத்தேன். மூக்கு மேலே போனது, விமானம் போகவில்லை. இன்னும் இழுத்தேன். இடது இறக்கை திடீரென்று சரிந்தது. பாதிச் சுற்று சுற்றி, மூக்கால் தரையைக் குத்தி நின்றது.

ஓடி வந்து பார்த்தவர்கள் நான்கு பேர், சொன்ன காரணங்களும் நான்கு. "ஸ்டால்" என்றார் ஒருவர். "டிப் ஸ்டால்" என்று திருத்தினார் இன்னொருவர். "சி.ஜி. பின்னால் கிடக்கிறது" என்றார் மூன்றாமவர். நான்காமவர், "எக்ஸ்போ போடவில்லையா?" என்று கேட்டுவிட்டு, நான் பெரிய தவறு செய்ததுபோல் பார்த்தார். நான்கு பேருக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். உண்மையில் ஒரு சொல்லும் புரியவில்லை. அகரவரிசைப் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. படித்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் இன்னும் மூன்று சொற்கள் தேவைப்படுகின்றன. என் விபத்தையே வைத்துக்கொண்டு யாராவது சொல்லித் தருவீர்களா?

பால்சாத்தூள்:

விமானத்தின் மூக்கு ஒட்டிவிடும், கவலைப்படாதீர்கள். நுரைக்கு இருக்கும் பெரிய நன்மையே அதுதான். நாங்கள் பால்சா மரத்தில் கட்டிய காலத்தில் இப்படி ஒரு குத்து என்றால் ஒரு மாத வேலை போச்சு.

முதலில் ஒன்று. வலம், இடம் என்று எதைச் சொன்னாலும் அது விமானத்துக்குள் உட்கார்ந்து முன்னால் பார்ப்பவருடைய வலம், இடம். தரையில் நிற்கும் உங்களுடையது அல்ல. இதில் சந்தேகம் வந்தால் விமானத்தின் வாலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளுங்கள்.

இப்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டரையும் விமானத்தையும் இயக்குங்கள். வலது குச்சியை வலப்பக்கம் தள்ளினால், இறக்கைகளின் பின்விளிம்பில் வலப்பக்கத் துண்டு மேலே எழும், இடப்பக்கத் துண்டு கீழே இறங்கும். அவைதான் ஏலரான். மேலே எழுந்த பக்கம் தூக்குவிசை குறைகிறது, இறங்கிய பக்கம் கூடுகிறது. விமானம் வலப்பக்கம் உருளுகிறது. வாலில் கிடைமட்டப் பகுதியில் கீல் போட்டிருப்பது எலிவேட்டர். செங்குத்துப் பகுதியில் கீல் போட்டிருப்பது ரட்டர். படகின் சுக்கானைப் போலவே, மூக்கை இடமும் வலமும் திருப்பும்.

இடது குச்சியை உங்கள் பக்கம் இழுங்கள். எலிவேட்டர் மேலே எழுகிறது அல்லவா? இப்போது யோசியுங்கள். மேலே எழுந்த அந்தத் துண்டின்மேல் காற்று மோதினால் வால் எந்தப் பக்கம் போகும்? கீழே. வால் கீழே போனால் மூக்கு மேலே. அவ்வளவுதான் அது செய்யும் வேலை. விமானத்தைத் தூக்கும் பலம் அதற்குக் கிடையாது. அதன் பெயரை வைத்தவர் யாரோ, புதியவர்கள் எல்லாரையும் ஏமாற்றிவிட்டார்.

தூக்குவது இறக்கை. இறக்கைக்கு வேண்டியது வேகம். வேகத்தைத் தருவது மோட்டார். சைக்கிளில் மேடு ஏறும்போது கைப்பிடியை மேல்நோக்கி இழுத்துப் பயன் உண்டா? மிதிக்க வேண்டும். உயரம் வேண்டுமானால் த்ராட்டில், மூக்கின் கோணம் வேண்டுமானால் எலிவேட்டர். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சொற்கள் தாமாகவே புரியும்.

நீலக்காகிதம்:

ஐயா, மிக்க நன்றி. ஆனால் ஒரு குழப்பம். இடது குச்சியை இழுத்தால் என் விமானத்தில் எலிவேட்டர் அசையவே இல்லை. த்ராட்டில்தான் குறைகிறது. எலிவேட்டர் வலது குச்சியில் இருக்கிறது. விழுந்ததில் ஏதாவது மாறிப்போய்விட்டதா?

பால்சாத்தூள்:

மன்னிக்கவும், தவறு என்னுடையது. நான் மோட் 1 ஆள், நீங்கள் மோட் 2. பழக்கம் விடவில்லை.

மோட் என்பது எந்தக் குச்சியில் எந்த வேலை என்பதன் பெயர்தான். மோட் 2-இல் இடது குச்சி த்ராட்டிலும் ரட்டரும், வலது குச்சி எலிவேட்டரும் ஏலரானும். மோட் 1-இல் எலிவேட்டரும் ரட்டரும் இடது கையில், த்ராட்டிலும் ஏலரானும் வலது கையில். எது சிறந்தது என்று யாராவது விவாதம் தொடங்கினால் அந்தப் பக்கம் போகாதீர்கள். உங்களுக்குக் கற்றுத்தருபவர் எதில் பறக்கிறாரோ அதுவே சிறந்தது, ஆபத்து வந்தால் உங்கள் கையிலிருந்து வாங்கி அவர் காப்பாற்ற வேண்டும் அல்லவா? பழைய டிரான்ஸ்மிட்டர் வாங்கும்போது மட்டும் மோடைக் கேட்டு வாங்குங்கள். த்ராட்டில் குச்சி நடுவுக்குத் திரும்பாமல் விட்ட இடத்தில் நிற்கும். அதைப் பார்த்தே எந்த மோட் என்று சொல்லிவிடலாம்.

எதிர்க்காற்று:

ஐயா சொன்னதில் ஒரு திருத்தம். இறக்கைக்கு வேண்டியது வேகம் என்பது முழு உண்மை அல்ல. ஸ்டால் என்பது கோணத்தின் நோய். வேகக்குறைவு அதற்கு ஒரு வழி மட்டுமே.

இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு ஒரு நேர்கோடு இழுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நாண் என்று பெயர். எதிரே வரும் காற்றுக்கும் அந்த நாணுக்கும் இடையே உள்ள கோணம் தாக்குகோணம். அது கூடக்கூட தூக்குவிசை கூடும், ஓர் எல்லைவரை. வழக்கமான இறக்கைகளில் ஏறத்தாழ 15 பாகை. அதைத் தாண்டினால் மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு குழம்பிவிடும். தூக்குவிசை பொசுக்கென்று விழும். அதுதான் ஸ்டால். மோட்டார் ஓடுகிறதா நின்றதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. முழு வேகத்தில் போகும்போதுகூட எலிவேட்டரை வெடுக்கென்று இழுத்தால் ஸ்டால் ஆகும்.

உங்கள் விமானம் செய்தது இதுதான்: த்ராட்டிலைக் குறைத்தீர்கள், வேகம் போயிற்று. எலிவேட்டரை இழுத்தீர்கள், கோணம் ஏறியது. எல்லை தாண்டியது. இடது இறக்கையின் நுனி முதலில் விட்டது. ஒரு பக்க நுனி முந்திக்கொண்டு விடுவதற்குத்தான் டிப் ஸ்டால் என்று பெயர். ஆக உங்கள் முதல் இரண்டு மருத்துவர்களும் ஒரே நோயைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்று கேட்கட்டுமா? இடது இறக்கை சரிந்தபோது உங்கள் வலது கை என்ன செய்தது?

நீலக்காகிதம்:

குச்சியை வலப்பக்கம் தள்ளினேன். சரிந்த இறக்கையைத் தூக்க வேண்டுமே.

எதிர்க்காற்று:

எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் பாருங்கள், வலப்பக்க ஏலரான் கொடுத்தால் இடது ஏலரான் கீழே இறங்கும். ஏற்கெனவே கோணம் அதிகமாகி விட்டுவிட்ட இடது நுனிக்கு, கோணத்தை இன்னும் கூட்டிக் கொடுத்தீர்கள். இறங்கிய இறக்கை மேலும் இறங்கியது. அந்தப் பாதிச் சுற்று அப்படி வந்தது. போதிய உயரம் இருந்திருந்தால் முழுச் சுற்றாகி, திருகிக்கொண்டே விழும் ஸ்பின் ஆகியிருக்கும்.

செய்ய வேண்டியது: குச்சியை முன்னால் விடுங்கள், த்ராட்டிலைக் கொடுங்கள், மூக்கு கீழே போய் வேகம் எடுத்ததும் மெதுவாகச் சமன்படுத்துங்கள். தரை நெருங்கும்போது குச்சியை முன்னால் தள்ளக் கைக்கு மனம் வராது. அதனால்தான் இதை நூறு மீட்டர் உயரத்தில் வேண்டுமென்றே செய்து பழக வேண்டும். த்ராட்டிலை முழுதும் குறைத்து, உயரத்தை விடாமல் மெல்ல இழுத்துக்கொண்டே இருந்தால், இறக்கை எப்போது விடும், விடுவதற்கு முன் எப்படித் தள்ளாடும் என்பது கண்ணுக்குப் பழகும்.

வால்நுனி:

குறுக்கே வருகிறேன். இத்தனை தமிழில் எழுதுகிறவர்கள் ஏலரான், எலிவேட்டர், ரட்டர் என்று ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? சாய்மடல், ஏற்றமடல், திசைமடல் என்றால் புதியவருக்கும் உடனே விளங்குமே. அவர் ஏமாந்ததே ஆங்கிலச் சொல்லால்தானே?

பால்சாத்தூள்:

ஏற்றமடல் என்று சொல்லியிருந்தால் இன்னும் பலமாக இழுத்திருப்பார்! ஏமாற்றுவது எந்த மொழியின் சொல் என்பதல்ல, அதில் இருக்கும் ஏற்றம்தான். வேண்டுமானால் வால்மடல் என்று வையுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

ஏலரான் என்பதும் ஆங்கிலம் அல்ல. பிரெஞ்சில் சிறு இறக்கை என்று பொருள். நம்முடைய சுக்கானும் அரபுக் கடலோடிகளிடமிருந்து வந்த சொல்தான். காற்றிலும் கடலிலும் திரிபவர்கள் கையில் கிடைத்த சொல்லை எடுத்துக்கொள்வது புதிது அல்ல.

எனக்கு ஒரே நிபந்தனை. திடலில் நாலு பேர் ஒரே நேரத்தில் பறக்கவிடும்போது கத்தும் சொல் எல்லாருக்கும் ஒரே பொருளில் கேட்க வேண்டும். "டெட் ஸ்டிக்" என்று ஒருவர் கத்தினால் அவருடைய மோட்டார் நின்றுவிட்டது, இனி அவருக்கு ஒரே ஒரு தரையிறக்கம்தான், மற்றவர்கள் ஓடுபாதையை விட்டுக்கொடுக்க வேண்டும். அங்கே ஸ்டிக் என்பது கையில் இருக்கும் குச்சி அல்ல, சுழலாமல் நிற்கும் மரப் ப்ரொப்பெல்லர் என்று சொல்வார்கள். இதைத் தமிழில் "மோட்டார் நின்றது!" என்று கத்துகிறவர்களும் உண்டு, எனக்குப் பிடித்திருக்கிறது, மூச்சும் கூடச் செலவாகாது.

வால்நுனி:

வால்மடல் நல்ல சொல். வைத்துக்கொள்கிறேன்.

மூன்றுசெல்:

நான்காவது மருத்துவரின் எக்ஸ்போவை நான் எடுத்துக்கொள்கிறேன். குச்சியைக் கொஞ்சம் நகர்த்தினால் மடலும் அதே விகிதத்தில் நகர்வது இயல்பான அமைப்பு. எக்ஸ்போ வைத்தால் நடுப்பகுதியில் மட்டும் உணர்வு மழுங்கும்; குச்சியைக் கடைசிவரை தள்ளினால் முழு அசைவும் பழையபடி கிடைக்கும். டியூவல் ரேட் வேறு. அது ஒரு சுவிட்ச். போட்டால் மொத்த அசைவே குறையும், கடைசிவரை தள்ளினாலும் முன்பு கிடைத்ததில் 60 அல்லது 70 விழுக்காடுதான். புதியவர்களுக்கு இரண்டுமே நல்லது. 30 விழுக்காடு எக்ஸ்போவில் தொடங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில டிரான்ஸ்மிட்டர்களில் கூட்டல் குறி போட்டால் மழுங்கும், வேறு சிலவற்றில் கழித்தல் குறி போட்டால்தான் மழுங்கும். தவறிப்போனால் நடுப்பகுதி முன்னைவிடக் கூர்மையாகிவிடும். திரையில் வளைகோட்டைப் பாருங்கள், நடுவில் படுத்திருக்க வேண்டும்.

ஆனால் உங்கள் விபத்துக்கு எக்ஸ்போ காரணம் அல்ல. நீங்கள் கடைசிவரை இழுத்திருக்கிறீர்கள். அங்கே எக்ஸ்போ எதையும் மாற்றாது.

பேட்டரி என்ன வைத்திருக்கிறீர்கள்?

நீலக்காகிதம்:

மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்), 2200 என்று இருக்கிறது, பக்கத்தில் 25சி. இந்த சி எனக்குப் பெரிய மர்மம். சார்ஜரிலும் சி என்று ஒரு கட்டம் வருகிறது. 25 போடலாமா?

மூன்றுசெல்:

போடாதீர்கள்! இந்தக் கேள்வியைக் கேட்டீர்களே, உங்களுக்குக் கோடி நன்றி. கேட்காமல் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

2200 என்பது மில்லி ஆம்பியர் மணி, அதாவது 2.2 ஆம்பியர் மணி. சி என்பது அந்தக் கொள்ளளவின் மடங்கு. பேட்டரியின்மேல் அச்சிட்ட 25சி, வெளியே எடுக்கக்கூடிய மின்னோட்டம்: 2.2 × 25 = 55 ஆம்பியர். உள்ளே செலுத்துவதற்கு வேறு கணக்கு. பேட்டரியில் வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் 1சி, அதாவது உங்களுக்கு 2.2 ஆம்பியர். மீறினால் பேட்டரி உப்பும், தீப்பிடிக்கவும் செய்யும். சார்ஜ் ஆகும்போது பக்கத்திலேயே இருங்கள்; எரியாத பரப்பின்மேல் வையுங்கள்.

மூன்று செல் என்பதை 3எஸ் என்பார்கள். ஒரு செல்லின் பெயரளவு 3.7 வோல்ட், மூன்றுக்கு 11.1. முழுதாக ஏறியதும் செல்லுக்கு 4.2, மொத்தம் 12.6. பறந்து இறங்கியபின் ஓய்வில் செல்லுக்கு 3.7-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் நீண்ட நாள் வரும். 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் பெரும்பாலும் குப்பைதான். நாலைந்து நாள் பறக்கப் போவதில்லை என்றால் 3.8 அளவில் வைத்துவிடுங்கள், சார்ஜரில் ஸ்டோரேஜ் என்று இருக்கும்.

எத்தனை நிமிடம் பறக்கலாம்? கொள்ளளவில் 80 விழுக்காடு மட்டும் செலவழிக்கலாம் என்று வையுங்கள்: 1.76 ஆம்பியர் மணி. சராசரியாக 12 ஆம்பியர் இழுத்தால் ஏறக்குறைய 8.8 நிமிடம். டைமரை 7-இல் வையுங்கள். முதல் தரையிறக்கம் சரியாக வராமல் மீண்டும் மேலே ஏறிச் சுற்றிவர அந்த மீதி வேண்டும்.

மோட்டாரில் 1000 கே.வி. என்று எழுதியிருந்தால் கிலோவோல்ட் என்று பயந்துவிடாதீர்கள். சுமை இல்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது. 11.1 வோல்ட் கொடுத்தால் 11,100. ப்ரொப்பெல்லர் மாட்டியதும் அது குறையும். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நடுவே நிற்பது ஈ.எஸ்.சி.; வேகத்தைக் கட்டுப்படுத்தும், கூடவே பி.இ.சி. என்ற பகுதி 5 வோல்ட் அளவில், சமிக்ஞையை வாங்கும் ரிசீவருக்கும் மடல்களை அசைக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் தரும். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் அதன் மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகுங்கள், சரியாகிவிடும்.

நீலக்காகிதம்:

ப்ரொப்பெல்லரில் 9 × 6 என்று இருக்கிறது. உடைந்துவிட்டது, வேறு வாங்க வேண்டும்.

மூன்றுசெல்:

9 அங்குலம் நுனிக்கு நுனி விட்டம். 6 அங்குலம் என்பது பிட்ச்: வெண்ணெயில் திருகு இறங்குவதுபோல் நழுவாமல் போனால், ஒரு சுற்றில் எவ்வளவு முன்னேறும் என்பது. நிமிடத்துக்கு 8,500 சுற்று என்றால் மணிக்கு ஏறத்தாழ 77 கிலோமீட்டர். உண்மையில் அதைவிடக் குறைவுதான். அதே அளவே வாங்குங்கள். பெரிய விட்டமும் பிட்சும் மாட்டினால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்து ஈ.எஸ்.சி.யைப் பொசுக்கிவிடும்.

எதிர்க்காற்று:

மூன்றாவது மருத்துவரை எல்லாரும் மறந்துவிட்டோம். சி.ஜி. அளந்தீர்களா?

நீலக்காகிதம்:

எப்படி அளப்பது?

பால்சாத்தூள்:

சி.ஜி. என்றால் ஈர்ப்பு மையம். எந்தப் புள்ளியில் தாங்கினால் விமானம் முன்னும் பின்னும் சாயாமல் நிற்குமோ அது. பேட்டரியை உள்ளே வைத்து, பறக்கப்போகும் நிலையில் எல்லாவற்றையும் மாட்டுங்கள். முன்விளிம்பிலிருந்து அளந்து இரண்டு இறக்கைகளின் அடியிலும், உடலுக்குப் பக்கத்தில், பேனாவால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு ஆட்காட்டி விரல்களை அந்தக் கோட்டில் வைத்துத் தூக்குங்கள். மூக்கு இம்மியளவு தாழ்ந்து நின்றால் மிக நல்லது. வால் தாழ்ந்தால் விரலைப் பின்னால் நகர்த்தி, எங்கே சமன்படுகிறது என்று பாருங்கள், சி.ஜி. அங்கேதான் இருக்கிறது.

பயிற்சி விமானத்துக்கு நாணில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இருக்கலாம். உங்கள் இறக்கை எவ்வளவு அகலம்?

நீலக்காகிதம்:

நாண் 20 செ.மீ. கையேட்டில் 6 செ.மீ. என்று போட்டிருக்கிறது. மூக்கை ஒட்டிவிட்டு, விரலில் வைத்துப் பார்த்தேன். 6-இல் வைத்தால் வால் தொப்பென்று விழுகிறது. 7.4-இல்தான் நிற்கிறது.

ஒரு ஒப்புதல் வாக்குமூலம். பேட்டரி அறையில் முன்னால் கம்பிகள் நெருக்கமாக இருந்ததால், பேட்டரியை வசதியாகப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். மூடி நன்றாக மூடியது, அதனால் சரி என்று நினைத்தேன்.

பால்சாத்தூள்:

மூடி மூடினால் சரி! இதை என் பட்டறையில் எழுதி மாட்டப் போகிறேன்.

20-இல் 7.4 என்றால் 37 விழுக்காடு. வால் கனத்த விமானம் கைக்கு அடங்காது. எலிவேட்டரைத் தொட்டாலே மூக்கு துள்ளும், ஸ்டால் ஆனால் மீள மனமிருக்காது. மூக்கு கனத்தது அப்படி அல்ல. மந்தமாகப் பறக்கும், தரையிறங்கும்போது எலிவேட்டர் போதாததுபோல் இருக்கும், ஆனால் வீட்டுக்கு முழுசாக வரும்.

பேட்டரியின் எடை?

நீலக்காகிதம்:

180 கிராம்.

பால்சாத்தூள்:

மொத்தம் 900, பேட்டரி 180, ஐந்தில் ஒன்று. பேட்டரியை 5 செ.மீ. நகர்த்தினால் சி.ஜி. 1 செ.மீ. நகரும். உங்களுக்கு 1.4 வேண்டும், ஆகவே 7 செ.மீ. முன்னால் தள்ளுங்கள். இடம் இருந்தால் ஈயம் எதுவும் ஒட்ட வேண்டியதில்லை. தள்ளியபின் ஒரு வெல்க்ரோ பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். நடுவானில் பேட்டரி பின்னால் வழுகினால் இதே கதைதான்.

எதிர்க்காற்று:

இன்னொன்றும் மிச்சம் இருக்கிறது. காற்றோடு வரும்போது பாய்ந்து வருவதுபோல் தோன்றியது என்றீர்கள். அங்கேதான் விபத்தின் விதை.

காற்று மணிக்கு 20 கிலோமீட்டர், விமானம் காற்றில் 40-இல் பறக்கிறது, 30-க்குக் கீழே ஸ்டால் ஆகும் என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். எதிர்க்காற்றில் போகும்போது தரையில் நிற்கும் உங்களுக்கு அது 20-இல் ஊர்வதுபோல் தெரியும். திரும்பி வரும்போது 60-இல் பறப்பதுபோல் தெரியும். இறக்கைக்கு இரண்டுமே 40தான். அதற்குத் தரையைப் பற்றி எதுவும் தெரியாது. உங்கள் கண் 60-ஐப் பார்த்துப் பயந்து த்ராட்டிலைக் குறைத்தது. தரைவேகம் 48-க்கு வந்தபோது இன்னும் வேகமாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் இறக்கையின் வேகம் 28. கதை முடிந்தது.

பலர் இதை "காற்றோடு திரும்பினால் விமானம் தூக்குவிசையை இழந்துவிடும்" என்று சொல்வார்கள். அது கட்டுக்கதை. விமானம் எதையும் இழக்கவில்லை, கண்தான் ஏமாந்தது.

பால்சாத்தூள்:

நாற்பது வருடமாகத் திடலில் நிற்கிறேன். காற்றோடு திரும்பும்போது விமானம் தொய்வதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கட்டுக்கதை என்று ஒரே சொல்லில் தள்ளாதீர்கள்.

எதிர்க்காற்று:

தொய்வதை நானும் பார்த்திருக்கிறேன் ஐயா. ஆனால் அது திருப்பத்தால் வருவது. எந்தத் திசையில் திரும்பினாலும் சாய்ந்த இறக்கை கூடுதல் பாரம் தாங்க வேண்டும். 45 பாகை சாய்த்து உயரத்தை விடாமல் திரும்பினால் 30-இல் வரும் ஸ்டால் 36-இலேயே வந்துவிடும். 60 பாகையில் 42. எதிர்க்காற்றுக்குத் திரும்பும்போதும் இதே கணக்குதான். அப்போது தரைவேகம் குறைவதைப் பார்த்து நாமாகவே த்ராட்டிலைக் கூட்டிவிடுகிறோம், அதனால் தொய்வு தெரிவதில்லை.

பால்சாத்தூள்:

தரைக்கு அருகே காற்று குறைவு, மேலே அதிகம். காற்றோடு ஏறும் விமானம் மேலே போகப் போக பின்னாலிருந்து கூடிவரும் காற்றில் வேகத்தை இழக்கும். அது உண்மைதானே?

எதிர்க்காற்று:

அது உண்மை. அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன்.

நெறியாளர்:

இருவரும் ஒத்துக்கொண்ட இந்த அரிய தருணத்தில் இந்தக் கிளையை நிறுத்திக்கொள்வோம். இதே விவாதம் முன்பு ஒருமுறை பல பக்கங்கள் ஓடியது நினைவிருக்கிறது. கேட்டவருக்கு இன்னும் பறக்க வேண்டும்.

மூன்றுசெல்:

பறக்கும் முன் இரண்டு சோதனைகள். ரேஞ்ச் செக்: டிரான்ஸ்மிட்டரில் அதற்கென ஒரு குறைந்த சக்தி நிலை உண்டு, அதில் வைத்து, கையேடு சொல்லும் தூரம் நடந்து போய், மடல்கள் தடுமாறாமல் அசைகின்றனவா என்று பாருங்கள். ஃபெயில்சேஃப்: சமிக்ஞை அறுந்தால் ரிசீவர் என்ன செய்யும் என்பது. ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பறக்காதீர்கள். மற்றபடி எப்போதும் டிரான்ஸ்மிட்டர் முதலில் உயிர்பெறும், கடைசியில் அணையும்.

எதிர்க்காற்று:

விமானம் உங்களை நோக்கி வரும்போது வலம் இடம் மாறித் தெரியும். தாழ்ந்திருக்கும் இறக்கை உங்கள் கண்ணுக்கு எந்தப் பக்கமோ, ஏலரான் குச்சியை அந்தப் பக்கம் தள்ளுங்கள். தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக்கொடுப்பதுபோல. யோசிக்க நேரமில்லாதபோது இது ஒன்றுதான் உதவும். ஸ்டால் ஆனபோது மட்டும் இது பொருந்தாது, அதை மேலே சொல்லிவிட்டேன்.

நீலக்காகிதம்:

பறந்தது!

காலையில் காற்று அடங்கியிருந்தபோது போனோம். மகன் கையால் வீச, நான் முக்கால் த்ராட்டிலில் பிடித்தேன். பேட்டரி 7 செ.மீ. முன்னால், எக்ஸ்போ 30. முன்பு தொட்டதற்கெல்லாம் துள்ளிய விமானம் இதுதானா என்று சந்தேகமே வந்தது. உயரத்தில் போய், எதிர்க்காற்று சொன்னபடி வேண்டுமென்றே ஸ்டால் செய்தேன். இழுத்துக்கொண்டே இருந்தேன், இறக்கைகள் இரண்டும் ஒரு நடுக்கம் நடுங்கின, மூக்கு தானாகவே தலைகுனிந்தது. குச்சியை முன்னால் விட்டேன், பறக்கத் தொடங்கிவிட்டது. ஐந்து முறை செய்தேன். ஐந்தாவது முறை அந்த நடுக்கத்துக்காகவே காத்திருந்தேன்.

ஒரே ஒரு குறை. த்ராட்டிலைக் கூட்டினால் மூக்கு இடப்பக்கம் இழுக்கிறது, கொஞ்சம் மேலேயும் போகிறது. ட்ரிம் பொத்தானை வலப்பக்கம் நான்கு தட்டு தட்டினேன்; த்ராட்டிலைக் குறைத்தால் இப்போது வலப்பக்கம் போகிறது. முன்பு இப்படி இல்லை.

பால்சாத்தூள்:

ட்ரிம் என்பது குச்சியை விட்டால் விமானம் நேராகப் போகும்படி நடுநிலையைச் சற்று நகர்த்துவது. த்ராட்டிலுக்குத் தக்கபடி மாறும் கோளாறை அது தீர்க்காது. மூக்கை ஒட்டும்போது மோட்டாரை ஏதாவது செய்தீர்களா?

நீலக்காகிதம்:

ஆமாம். விபத்தில் மோட்டார் கோணலாகிவிட்டிருந்தது. பின்னால் நின்று பார்த்தால் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் இரண்டு மூன்று பாகை திரும்பி இருந்தது. மகன் நுணுக்கமாக அளந்து, திருகுகளின் அடியில் வாஷர் வைத்து நூல் பிடித்தாற்போல் நேராக்கிவிட்டான்.

எதிர்க்காற்று:

ஐயோ.

பால்சாத்தூள்:

அது விபத்தில் வந்த கோணல் அல்ல, பிறக்கும்போதே இருந்தது. பின்னாலிருந்து பார்த்தால் ப்ரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதற்கு எதிர்வினையாக விமானம் இடப்பக்கம் உருளப் பார்க்கும். ப்ரொப்பெல்லர் பின்னால் தள்ளும் காற்றும் உடலைச் சுற்றி முறுக்கிக்கொண்டு போய் வாலின் இடப்பக்கத்தில் மோதும். மூக்கு இடப்பக்கம் திரும்பும். த்ராட்டில் கூடக்கூட இவையும் கூடும். அதைச் சரிக்கட்டத்தான் மோட்டாரையே சற்று வலப்பக்கம் பார்க்க வைக்கிறார்கள். ரைட் த்ரஸ்ட் என்று பெயர். கீழ்நோக்கிய சாய்வு டவுன் த்ரஸ்ட். உங்களுடையதுபோல் இறக்கை மேலே இருக்கும் விமானம் முழு த்ராட்டிலில் மூக்கைத் தூக்கும், அதை அடக்க.

மகனிடம் அளவு துல்லியம் என்று என் பாராட்டைச் சொல்லுங்கள். பிறகு அந்த வாஷர்களை எடுத்துவிடச் சொல்லுங்கள். ட்ரிம்மையும் நடுவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

நீலக்காகிதம்:

எடுத்துவிட்டோம். மாலையில் மறுபடி பறந்தோம், நேராகப் போகிறது. வாஷர்களை அவன் ஒரு சிறு டப்பாவில் போட்டு, மேலே "நேராக்காதே" என்று எழுதி ஒட்டியிருக்கிறான்.